காருக்குப் புது கிரில் மாட்டப்போறீங்களா? பம்பருக்கு உள்ளேயா, வெளியேயா... அதுதான் மேட்டர்!

புது கார் எடுத்தாச்சு. சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு. ஸ்டேட்டஸ் போட்ட அஞ்சாவது நிமிஷம் முதல் கமென்ட் வந்து விழும். ``மாப்ள, வண்டி சூப்பர். ஆனா மூஞ்சி சப்பையா இருக்கேடா... ஒரு கிரில் மாத்தி விடு, கெத்தா இருக்கும்!"

அன்றைக்கு ராத்திரியே மொபைலில் தேட ஆரம்பிப்பீர்கள். பளபளக்கும் கறுப்பு கிரில், தேன்கூடு மெஷ் கிரில், நடுவில் எல்.இ.டி எரியும் கிரில், வெளிநாட்டு சொகுசு காரின் முகத்தையே அச்செடுத்த கிரில் என்று வரிசைகட்டி நிற்கும். ஒரு கிளிக் செய்தால் வீட்டுக்கே வந்துவிடும். பொருத்த ஒரு மணி நேரம், அதிகம்போனால் அரை நாள். ஆனால், ``இதை மாட்டினா போலீஸ் பிடிப்பாங்களா?" என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். கடைக்காரர் ``அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்பார். நண்பர் ``பம்பரையே தடை பண்ணிட்டாங்கடா" என்பார். சொந்தக்காரர் ஒருவர் ``அஞ்சாயிரம் ஃபைன்" என்று பயமுறுத்துவார்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குழப்பம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? `பம்பர்' என்ற ஒரு வார்த்தையில்.

எந்த பம்பருக்குத் தடை?

கார் கம்பெனி கொடுக்கும் பம்பர் என்பது முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பாகம். கிரில் அதில் உள்ள திறப்பில் உட்காரும், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். ஆனால், நம் ஊரில் `பம்பர் மாட்டிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது இதை அல்ல. காருக்கு முன்னால், இரும்பிலோ ஸ்டீலிலோ குழாயை வளைத்து போல்ட் போட்டு நிறுத்துவார்களே, அந்த `புல் பார்' அல்லது `கிராஷ் கார்டு'. தடை இதற்குத்தான்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அனுமதியில்லாமல் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 2021-ன் தொடக்கத்தில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் இந்த விவகாரம் வந்தது. வண்டிகளில் இருக்கும் தலைவர்கள் படம், கட்சிக் கொடிகளோடு புல் பார்களையும் அகற்றச் சொன்னது நீதிமன்றம். அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதிகாரிகள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ரோட்டிலேயே ஸ்பேனரை வைத்துக் கழற்ற வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

`பம்பரைக் கழற்றுறாங்க' என்று செய்தி பரவியதும், பம்பரில் கை வைத்தாலே குற்றம் என்று ஒரு கூட்டம் நினைத்தது. பிளாஸ்டிக்கில் செய்ததை மாட்டினால் ஒன்றும் ஆகாது என்று இன்னொரு கூட்டம் நினைத்தது. ரெண்டுமே முழு உண்மை இல்லை.

புல் பார் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

உங்கள் காரின் முன்பக்கத்தை உரித்துப் பார்த்தால், முதலில் பிளாஸ்டிக் பம்பர். பல கார்களில் அதற்குப் பின்னால் அடியை வாங்கும் ஃபோம் இருக்கும். அதற்கும் பின்னால் ஒரு குறுக்கு பீம். அந்த பீமுக்கும் சேஸிக்கும் நடுவில், மோதும்போது நசுங்குவதற்கென்றே செய்த பகுதி. `நசுங்குற வண்டி மட்டமான வண்டி' என்று டீக்கடையில் பேசுவோம். ஆனால், அந்த இடம் நசுங்குவதால்தான் மோதலின் வேகம் உங்கள் நெஞ்சுக்கு வந்து சேருவதற்குள் கொஞ்சம் குறைகிறது. ஏர்பேக்கை எந்த நொடியில் திறக்க வேண்டும் என்று சென்சார்கள் முடிவெடுப்பதும் இந்த நசுங்கலின் கணக்கை வைத்துத்தான்.

புல் பாரை எங்கே போல்ட் போடுகிறார்கள்? பெரும்பாலும் நேராக சேஸியில். நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி, அடி நேராக உள்ளே போகும். கம்பெனி போட்ட கணக்கு மாறிவிடுவதால், ஏர்பேக் சரியான நேரத்தில் திறக்காமல் போகும் ஆபத்தும் உண்டு.

இது காருக்குள் இருப்பவர் கதை. காருக்கு வெளியே இருப்பவரையும் யோசியுங்கள். சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி போகும் ரோட்டில் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? வெற்றிலைக் கட்டை சைக்கிளில் வைத்து மிதிப்பவர், களையெடுக்கப் போகும் பெண்கள், டியூஷனுக்கு நடக்கும் பிள்ளைகள் என எல்லோரும் ரோட்டு ஓரத்தில்தான் இருப்பார்கள். நடந்து போகிறவர் மீது மோதினால் காயம் குறையும்படி காரின் முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, ஏ.ஐ.எஸ் 100 என்ற தனித் தரவிதியே நம் நாட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரும் பானெட்டும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இரும்புக் குழாய் வளையாது. ஒரு பெரியவரின் இடுப்பும், ஒரு குழந்தையின் தலையும் இருக்கும் உயரத்தில்தான் அந்தக் குழாய் நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. பாதசாரிப் பாதுகாப்பு சோதனையில் தேறாத முன்பக்கக் கம்பிகளுக்கு அங்கே இடமில்லை. கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலியாவில் புல் பாருக்கு அனுமதி உண்டு. ஆனால், அங்கேயும் இஷ்டத்துக்கு வளைத்து மாட்ட முடியாது, அதற்கும் விதிகள் இருக்கின்றன. நம் ஊர் ரோட்டில் கங்காரு இல்லை. ஆடும் மாடும் மனிதர்களும்தான்.

சரி, கிரில் விஷயத்துக்கு வருவோம்

52-வது பிரிவு என்ன சொல்கிறது? ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. `மாற்றம்' என்றால் என்ன என்பதற்கும் சட்டம் விளக்கம் தருகிறது: வண்டியின் அடிப்படை அம்சமே மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உறுதியாகச் சொன்னது.

இப்போது உங்கள் ஆர்.சி-யை எடுத்துப் பாருங்கள். மாடல், நிறம், எரிபொருள், இன்ஜின் சிசி, சீட் எண்ணிக்கை, எடை, வீல்பேஸ்... எல்லாம் இருக்கும். கிரில் இருக்காது. பழைய கிரில் இருந்த அதே குழியில், அதே கிளிப்புகளில், வெட்டாமல் ஒட்டாமல் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் கிரில்லை `கட்டமைப்பு மாற்றம்' என்று சொல்வது கஷ்டம். சட்டத்தைப் படித்தால் நியாயமாக வரும் முடிவு இது.

ஆனால், `இந்தக் கிரில் ஓகே' என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. சிக்கலே இதுதான். எது ஓகே, எது இல்லை என்பதை ரோட்டில் வண்டியை நிறுத்தும் அதிகாரி தன் கண்ணால் பார்த்து முடிவுசெய்கிறார். ஒரே கிரில் ஒரு செக்போஸ்ட்டில் `பாஸ்' ஆகலாம், அடுத்த செக்போஸ்ட்டில் மாட்டலாம்.

மாட்டினால் என்ன ஆகும்? 2019-ல் திருத்திய சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாத விதத்தில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். `ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள்.

மாட்டினவர் ஜாலி, ஓட்டினவர் காலி!

அப்படியானால் விற்றவருக்கு? இதே 182ஏ பிரிவில் விற்பவர்களுக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. ஆனால், மத்திய அரசு `முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம்' என்று அறிவித்த பொருளைத் தரமில்லாமல் விற்றால்தான் உதிரிபாகக் கடைக்காரர் மேல் அது பாயும். அலங்கார கிரில் விற்கும் கடையை அது லேசில் தொடாது. கடையில் அடுக்கிவைத்து விற்பதில் பிரச்னை இல்லை, ஆன்லைனில் தள்ளுபடி போடுவதில் பிரச்னை இல்லை. நீங்கள் மாட்டிக்கொண்டு நான்கு வழிச் சாலையில் ஏறும்போதுதான் பிரச்னை.

இது நமக்குப் புதிதில்லை. சன் ஃபிலிம் கதையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது. அதற்குப் பிறகு ரோட்டில் நின்று ஃபிலிமை உரித்தது யார்? அபராதம் கட்டியது யார்? ஒட்டிக்கொடுத்த கடைக்காரரா? புல் பார் விஷயத்திலும் இதே கதைதான் நடந்தது. காசு கொடுத்து மாட்டியவரே காசு கொடுத்துக் கழற்றினார்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பல உதிரிபாகங்கள் ஒரு பொது அனுமதிச் சான்றோடுதான் கடைக்கு வருகின்றன. எந்த மாடல் காருக்கு, எப்படிப் பொருத்த வேண்டும் என்று அந்தத் தாளிலேயே இருக்கும். போலீஸ் கேட்டால் தாளை நீட்டலாம். `நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்குமா' என்று கேட்காதீர்கள், ஏற்கெனவே நடக்கிறது. பெட்ரோல் காரில் சி.என்.ஜி கிட் பொருத்துவதற்கு, அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற சென்டர், ஆர்.சி-யில் பதிவு என்று முறை இருக்கிறது. தீப்பிடிக்கக்கூடிய சிலிண்டருக்கே ஒழுங்கு கொண்டுவர முடிந்தால், ஒரு பிளாஸ்டிக் கிரில்லுக்கு முடியாதா? சோதித்துப் பார்க்க புனேவில் ஏ.ஆர்.ஏ.ஐ இருக்கிறது, நம் ஒரகடத்திலேயே ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

இப்போது இதைப் பேச வேண்டிய காரணமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கார் உதிரிபாகங்களுக்கும் அதே 18 சதவிகிதம்தான். குடும்பத்திலேயே முதல் காரை வாங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. முதல் கார் என்றால் அதை `நம்ம கார்' ஆக்கிப் பார்க்கும் ஆசையும் வரும். ஆசைக்கு விலை குறைந்திருக்கிறது. விதி மட்டும் மங்கலாகவே இருக்கிறது.

முகம்னா சும்மாவா?

`போயும் போயும் ஒரு கிரில்லுக்கு இவ்வளவு பேச்சா?' என்று தோன்றலாம். கார் கம்பெனிகளைக் கேட்டுப் பாருங்கள். பி.எம்.டபிள்யூ 1933-லிருந்து அந்த இரட்டைக் கிட்னி கிரில்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜீப்பின் ஏழு துளை முகத்துக்காக அமெரிக்காவில் பெரிய சட்டப் போராட்டமே நடந்தது. மஹிந்திராவின் ராக்ஸர் வண்டி ஜீப்பின் தோற்றத்தை ஒத்திருக்கிறது என்று, 2020 ஜூனில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்பு சொன்னது. முகத்தை மாற்றி வடிவமைத்த பிறகுதான் அங்கே ராக்ஸருக்கு வழி கிடைத்தது. அதே 2020 அக்டோபரில் இங்கே புது தார் வந்தபோது என்ன ஆனது? நம் பசங்க வாங்கிய கையோடு ஏழு துளை கிரில்லைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள்! கம்பெனிகளே முகத்துக்காக கோர்ட் ஏறும்போது, உங்கள் ஆசையில் தப்பே இல்லை.

ஆனால், கிரில் வெறும் முகம் மட்டும் இல்லை, மூக்கும்கூட. அதன் வழியாகத்தான் ரேடியேட்டருக்கும் ஏ.சி கண்டென்ஸருக்கும் காற்று போகிறது. சித்திரை வெயிலில், கோரிப்பாளையம் சிக்னலில் ஏ.சி போட்டு நிற்கும் காருக்கு அந்தக் காற்று ரொம்ப முக்கியம். இன்ஜின் சூடு இல்லாத மின்சார கார்களின் மூடிய முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் காருக்கும் அதேபோல மூடிய கிரில் மாட்டினால், டெம்பரேச்சர் முள் ஏறத்தான் செய்யும். ரொம்ப நெருக்கமான மெஷ்ஷும் நம் பக்கத்துக்கு ஆகாது. அறுப்பு சீசனில் வைகைக் கரை ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வந்தால், வைக்கோல் தூசியும் பூச்சியும் அதில் அப்பிக்கொள்ளும்.

ஆர்டர் போடும் முன் இதைப் பார்த்துக்கோங்க

பொருத்தும் இடம்: பழைய கிரில் இருந்த அதே குழியில், அதே கிளிப்புகளில் உட்கார வேண்டும். `லேசா பம்பரை வெட்டினா சரியா உட்காந்துரும் தம்பி' என்று சொன்னால், `வேணாம்ணே' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பம்பரை வெட்டினால் பிறகு பழைய கிரில்லும் இறுக்கமாக நிற்காது.

பொருள்: பிளாஸ்டிக் ஓகே. இரும்புச் சட்டமோ, முன்னால் துருத்தும் கூர்மையான முனையோ வேண்டாம்.

ரேடார்: தானாக பிரேக் போடும் அடாஸ் வசதி உங்கள் காரில் இருந்தால் டபுள் கவனம். அதன் ரேடார் சில கார்களில் லோகோவுக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் பம்பரின் கீழ்த் திறப்பில் இருக்கும். அதற்கு முன்னால் உலோகமோ, உலோகப் பூச்சோ வந்தால் ரேடாருக்குக் கண்ணைக் கட்டியதுபோல ஆகிவிடும். எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முன்பக்க பார்க்கிங் சென்சாருக்கும் இதே விதிதான்.

லைட்: கிரில்லுக்குள் சிவப்பு, நீல லைட் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் சிவப்பு லைட் எரிவது விதிக்கு எதிரானது. அதுவும் இல்லாமல், ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி எடுத்து டேப் சுற்றும் வேலையில்தான் ஷார்ட் சர்க்யூட் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம்பர் பிளேட்: உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் முழுவதும் தெரிய வேண்டும். பல கார்களில் கிரில்லைக் கழற்ற பம்பரையே இறக்க வேண்டியிருக்கும். அப்போது பிளேட்டின் லாக்கை உடைக்காமல் வேலை பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது ஃபாக் லேம்ப், சென்சார் கனெக்டர்களைப் பொருத்திவிட்டார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: மாட்டிய பிறகு கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் சண்டைக்குக் காரணமாகும். கார் கம்பெனி தராத பாகத்தால் வரும் பழுதுக்குப் பொதுவாக வாரன்ட்டி கிடைக்காது. காரோடு வந்த வாரன்ட்டி புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். கார் கம்பெனியே உங்கள் மாடலுக்கு வேறு டிசைன் கிரில்லை ஆக்சஸரியாக விற்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பழைய கிரில்: எடைக்குப் போடாதீர்கள். துணி சுற்றிப் பரண்மேல் வையுங்கள். நாளைக்கு ஓர் அதிகாரி ஆட்சேபித்தாலோ, காரை விற்க நினைத்தாலோ கைகொடுக்கும். புது கிரில்லின் பில்லையும் அதோடு வையுங்கள்.

சோதனை ஓட்டம்: மாட்டிய அன்றைக்கு, மத்தியான வெயிலில் ஏ.சி போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் நிறுத்தி டெம்பரேச்சரைப் பாருங்கள். வழக்கத்தைவிட ஏறினாலோ, ஏ.சி குளிர்ச்சி குறைந்தாலோ பழைய கிரில்லே போதும்.

கோடு எங்கே?

அரசு தெளிவாக ஒரு கோடு போட வேண்டும். புல் பாரைத் தடை செய்தது சரி. அதே வேகத்தில், எந்தெந்த அலங்காரப் பொருளை மாட்டலாம், அதற்கு என்ன தரச்சான்று வேண்டும் என்று ஒரு பட்டியலும் வர வேண்டும். சான்று இல்லாமல் விற்பவரையும் கேள்வி கேட்க வேண்டும். இல்லையென்றால், மாதத் தவணை கட்டிக் கார் ஓட்டுபவர் மட்டும்தான் ரோட்டோரம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அது வரும்வரை, உங்களுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரில் பம்பருக்குள் இருக்கட்டும், பம்பருக்கு முன்னால் எதுவும் நிற்க வேண்டாம். பம்பருக்கு உள்ளே இருப்பது உங்கள் ரசனை. அதைத் தாண்டி வெளியே நீட்டும் ஒவ்வோர் அங்குலமும் ரோட்டில் நடப்பவரின் இடம்.

அடுத்த முறை நண்பர் ``மூஞ்சி சப்பையா இருக்கேடா" என்றால், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: ``கிரில்தானே மாப்ள, மாத்திருவோம். கம்பி மட்டும் வேணாம். நம்ம ரோட்டுலதான் நம்ம அப்பத்தாவும் நடந்து போகுது!"